ஓட்டத்தோடு நீச்சல், மிதிவண்டி, எடைப்பயிற்சி: சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவற்றை எப்படிப் பொருத்துவது?

கேள்வி: ஏரிக்கரை ஓட்டக்காரர், வேளச்சேரி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டரை வயது. ஐந்து ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆறேழு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்பதைத் தவிர வேறெந்தப் பயிற்சியும் இதுவரை செய்ததில்லை. சென்ற ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். அதற்குப் பின் வலது முழங்காலின் வெளிப்புறத்தில் ஒரு வலி வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரிவதில்லை. அதன் பிறகு, பாதம் தரையில் படும்போதெல்லாம் யாரோ கத்தி முனையால் தொடுவது போல் இருக்கிறது, மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது இன்னும் மோசம். பரிசோதித்த மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து மீதி நேரத்தில் கிராஸ் டிரெயினிங், அதாவது ஓட்டத்துக்கு மாற்றாக வேறு பயிற்சிகள், செய்யச் சொன்னார்.

அன்றிரவே உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். திங்கள் நீச்சல், செவ்வாய் ஓட்டம், புதன் எடைப்பயிற்சி, வியாழன் ஓட்டம், வெள்ளி யோகா, சனி மிதிவண்டி, ஞாயிறு நீண்ட ஓட்டம் என்று வண்ணம் தீட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அது எட்டு நாள்கூட நிலைக்கவில்லை. முதல் திங்களன்று காலை ஆறு மணி நீச்சல் வகுப்புக்குப் போய், உடை மாற்றி, நீந்தி, குளித்து வீடு திரும்புவதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. தண்ணீருக்குள் இருந்ததோ முப்பத்தைந்து நிமிடம். மகளின் பள்ளி வேன் 7.40க்கு வந்துவிடும் என்பதால் அன்று வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. புதன்கிழமை எடைப்பயிற்சி, முந்தைய இரவு பதினொன்றரை வரை நீண்ட அலுவலகக் கூட்டத்தால் போயிற்று. சனிக்கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல். இப்போது ஐப்பசி மழை வேறு தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் ஓட்டமும் இல்லை, மிதிவண்டியும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இத்தனை வகைப் பயிற்சிகளில் எதை விட்டால் நட்டமில்லை, எதை விடவே கூடாது? பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று துண்டு துண்டாகச் செய்வதில் பயன் உண்டா, அல்லது அது மனத்திருப்திக்காக மட்டும்தானா? ஏற்கெனவே என்னைப் போன்ற வீட்டுச் சூழலில் இதைச் செய்து வருபவர்கள் வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

பதில்: பீளமேட்டு ஆசிரியை, கோவை

உங்கள் அட்டவணையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழு காலைகளும் உங்களுடையவையாகவே இருக்கின்றன. அந்த ஏழு நாளும் டிபன் பாக்ஸ் கட்டுவது யார், சின்னவனை எழுப்பிப் பல் துலக்க வைப்பது யார், அவர் எந்த நாளில் தமக்காக வெளியே போகிறார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அட்டவணை எட்டு நாளில் கிழிந்ததற்கு மழையும் காய்ச்சலும் காரணமாக இருக்கலாம். ஆனால் மழை பெய்யாத மாதத்திலும் அது இருபது நாளைத் தாண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தேகால் முதல் ஆறேகால் வரை என்னுடையது. செவ்வாய், வியாழன், சனி அவருடையது. ஞாயிறு வாரம் மாறி வாரம். தன் முறை இல்லாத நாளில் வீடு முழுவதும் அவரவர் பொறுப்பு. காய்ச்சல் வந்தாலும் பால் பொங்கினாலும் மற்றவரை அழைப்பதில்லை. இந்த ஒரு விதியை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு நான்கு மாதமும் இரண்டு பெரிய சண்டைகளும் தேவைப்பட்டன.

அடுத்ததாக, நாளுக்குப் பயிற்சியின் பெயரைச் சூட்டுவதை நிறுத்தினேன். 'நீச்சல் காலை' என்று எழுதி வைத்தால் நீச்சல் நடக்காத அன்று எல்லாமே போய்விடுகிறது. 'என் காலை' என்று மட்டும் இருந்தால், இரவு எப்படித் தூங்கினோம், வெளியே மழையா, எத்தனை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதைப் பார்த்து, எழுந்த பிறகு முடிவு செய்யலாம். ஒரு மணி நேரம் கிடைத்தால் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓட்டம். அரை மணி நேரம்தான் என்றால் கூடத்தில் பாய் விரித்து எடைப்பயிற்சி. பத்து நிமிடம் மட்டும் என்றால் சூரிய நமஸ்காரமும் பஸ்கியும். வாரத்திற்கு இரண்டு முறை எடைப்பயிற்சி வந்துவிட்டதா என்பதை மட்டும் நாட்காட்டியில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

குக்கர் விசில் வருவதற்குள் முப்பது பஸ்கி, பால் காய்வதற்குள் குதிகால் உயர்த்தல் என்று பலர் சொல்வார்கள். நானும் ஓராண்டு அப்படித்தான் செய்தேன். ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவதற்கும் கெண்டைக்காலுக்கும் அது நன்றாகவே உதவியது. ஆனால் கனமான எடையைத் தூக்கும் பயிற்சியை அடுப்படியில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மனம் தோசைக்கல்லில் இருக்கும்போது முதுகு எப்படி வளைகிறது என்று நாம் கவனிப்பதில்லை. எனக்கு ஒரு முறை இடுப்புப் பிடித்து மூன்று நாள் படுத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்காக ஒன்று. இரண்டாவது பிள்ளை அறுவை சிகிச்சையில் பிறந்த எட்டாவது வாரத்தில் நான் ஓடத் தொடங்கினேன். குதித்தாலோ தும்மினாலோ சிறுநீர் கசிந்தது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் இன்னும் இரண்டு மாதம் ஓடினேன். குழந்தை பிறந்து மூன்று மாதமாவது ஆகாமல் ஓட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்றும், அதற்கு முன் இடுப்புத்தளத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் வலுப்படுத்த வேண்டும் என்றும், கசிவு இருந்தால் அதற்கென்று பயின்ற இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடையும் இடுப்புத்தளப் பயிற்சியுமாக நான்கு மாதம் கழித்த பிறகே அது சரியானது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த மாற்றுப் பயிற்சி சனிக்கிழமை மாலைச் சிலம்பம். மகளைச் சேர்க்கப் போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் நானும் சேர்ந்தேன். ஓட்டத்தில் நாம் ஆயிரக்கணக்கான முறை முன்னோக்கி மட்டுமே காலெடுத்து வைக்கிறோம். சிலம்பத்தின் காலடி வரிசையோ பக்கவாட்டிலும் பின்னோக்கியும் சுழன்றும் போகிறது. முதல் வாரம் இடுப்பின் பக்கத் தசைகள் வலித்த வலியிலேயே அவை எத்தனை ஆண்டாக வேலையின்றி இருந்தன என்று தெரிந்துவிட்டது. வகுப்பு நேரம் பிள்ளையின் நேரமாகவே கணக்காவதால் வீட்டில் யாரிடமும் கடன்படவும் வேண்டியதில்லை.

பதில்: இயன்முறை மருத்துவர், மதுரை

நேரில் பார்க்காமல் நோயைப் பெயரிட்டுச் சொல்வது முறையல்ல. ஆயினும் முழங்காலின் வெளிப்புறம், சில கிலோமீட்டருக்குப் பின் தொடங்குதல், இறக்கத்தில் கூடுதல் ஆகிய மூன்றும் ஐ.டி. பேண்ட் எனப்படும், இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்கால் வரை இறங்கும் பட்டை சார்ந்த வலியில் அடிக்கடி காணப்படுபவை. உங்கள் மருத்துவரிடம் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே எழுதுவது அந்த அனுமானத்தின் மேல்தான்.

மாற்றுப் பயிற்சி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, காலுக்கு அடி விழாமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுப்பது. நீச்சலும் மிதிவண்டியும் அதற்கானவை. மற்றொன்று, ஓட்டத்தின் அடியைத் தாங்கும்படி தசையையும் தசைநாணையும் எலும்பையும் வலுவாக்குவது. அதை எடைப்பயிற்சிதான் செய்யும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இதயம் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் எங்களிடம் வந்து சேர்வது இந்த இடைவெளியால்தான். நீரில் உடல் மிதப்பதால் நீச்சலில் எலும்புக்குப் பெரிய சுமை ஏறுவதில்லை, மிதிவண்டியிலும் ஏறக்குறைய அதே நிலைதான். எனவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: வாரம் இரண்டு முறை எடைப்பயிற்சியை விடக் கூடாது, நீச்சல், மிதிவண்டி, படியேற்றம், வேக நடை ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்று, எது வசதியோ அது போதும். யோகாவுக்கென்று தனி நாள் ஒதுக்க முடியாவிட்டால் எடைப்பயிற்சிக்கு முன் ஐந்து சுற்று சூரிய நமஸ்காரம் செய்தால் உடல் சூடேறவும் உதவும்.

உங்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகள். மிதிவண்டியின் இருக்கை அளவுக்கு மேல் உயரமாக இருந்தால் இதே பட்டையை அது மேலும் உறுத்தும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும், இடுப்பு இருபுறமும் ஆடக் கூடாது. நீச்சலில் தவளைக் காலடி முழங்காலின் உட்புறத்தை இழுக்கும், ஆகையால் வலி தணியும் வரை ஃப்ரீஸ்டைல் மட்டும் போதும். நீந்தும்போது நாடித்துடிப்பு ஓட்டத்தைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

எடைப்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு பஸ்கி, மாடிப்படியின் முதல் படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகாலால் தரையைத் தொட்டு மெதுவாக மேலே வருதல், ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்துதல், ஒற்றைக் காலில் நின்று முன்குனிந்து நிமிர்தல், படியின் விளிம்பில் குதிகால் உயர்த்தல், தண்டால். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு, குதிகால் உயர்த்தல் மட்டும் பதினைந்து, இரண்டு அல்லது மூன்று சுற்று. முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகாது. பன்னிரண்டும் எளிதாக வந்தால் எண்ணிக்கையைக் கூட்டாமல் எடையைக் கூட்டுங்கள். முதுகு பழகியவர்களுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனை வாசலிலிருந்து சமையலறைக்குத் தூக்கி வருவதும் நல்ல பயிற்சிதான், ஆனால் குனிந்து வெடுக்கென்று இழுக்காமல் முழங்காலை மடித்து உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

துண்டு துண்டாகச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்று சொல்கிறது. ஒரு முறைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும் என்று முன்பு இருந்த நிபந்தனையை அதில் நீக்கிவிட்டார்கள். ஆக, ஆரோக்கியத்துக்குத் துண்டுகள் கணக்கில் சேரும். அரை மாரத்தானுக்கு வேண்டிய தாங்குதிறனுக்கு மட்டும் வாரத்தில் ஒரு தொடர்ச்சியான நீண்ட அமர்வு தேவை. அது முழுவதும் ஓட்டமாக இருக்க வேண்டியதில்லை. நாற்பது நிமிட ஓட்டத்தை முடித்து அப்படியே ஒரு மணி நேரம் மிதிவண்டியில் போகலாம்.

குறைத்தால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோர்களிடம் அதிகம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களின் தொடக்கத்தில், வாரம் ஆறு நாள் பயிற்சி செய்து வந்தவர்களை இரண்டு நாளாகக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். உழைப்பின் தீவிரம் குறையாத வரை பதினைந்து வாரத்துக்குப் பிறகும் அவர்களின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதனால் தேர்வுக் காலமோ காய்ச்சல் மாதமோ வந்தால் நாட்களைத் தயங்காமல் குறைக்கலாம். மிஞ்சும் இரண்டு நாளில் சோம்பக் கூடாது.

'நான்கு நிமிடத் தபாட்டா போதும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜப்பானிய ஆய்வாளர் தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் அது, நிலையான மிதிவண்டியில் இருபது நொடி உச்ச உழைப்பு, பத்து நொடி ஓய்வு என்று ஆள் ஓய்ந்து போகும் வரை செய்த பயிற்சி. சின்னவன் மூன்று முறை எழுப்பிய இரவுக்குப் பின் காலையில் செய்ய அது ஏற்றதல்ல. ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய நாளில், பேசிக்கொண்டே செய்யும் அளவுக்கு மேல் உழைக்காதீர்கள். வலிக்கு ஒரு கணக்கு: பத்துக்கு மூன்று வரை இருந்து மறுநாள் காலையில் தணிந்திருந்தால் தொடரலாம், அதற்கு மேல் என்றால் அடுத்த முறை குறைக்க வேண்டும்.

பதில்: ஈசூன் அப்பா, சிங்கப்பூர்

மேலே இருவரும் காலை நேரத்தைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பணிநேரம் மாறி மாறி வருவதால் காலை என்பது என் கையில் இல்லை. ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பயிற்சியைக் குறைத்து, அவர்களுடன் சேர்ந்து செய்வதைக் கூட்டினேன்.

இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளுக்குக் கீழே சிறுவர் விளையாட்டிடமும் பெரியவர்களுக்கான உடற்பயிற்சி மூலையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. மகன் சறுக்கு மரத்தில் இருக்கும் அரை மணி நேரத்தில் கம்பியில் தொங்கி இழுப்பதையும் தண்டாலையும் முடித்துவிடுவேன். சென்னை மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றிலும் இப்படித் திறந்தவெளிக் கருவிகளை நான் விடுமுறையில் வந்தபோது பார்த்திருக்கிறேன். மழை நாளில் படிக்கட்டு. எங்கள் கட்டடம் பன்னிரண்டு மாடி; படியில் ஏறி மின்தூக்கியில் இறங்குவேன், நான்கு முறை. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம் என்பதால் இறக்கத்தை மட்டும் மின்தூக்கியிடம் விட்டுவிடுவது உங்கள் வலிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மகளின் நீச்சல் வகுப்பு நடக்கும் 45 நிமிடமும் நான் பக்கத்துக் குளத்தில் நீந்துகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து கைபேசி பார்க்கும் பெற்றோரைக் கண்டால் அந்த நேரத்தை எனக்குக் கொடுத்துவிடக் கூடாதா என்று தோன்றும்.

இயன்முறை மருத்துவரிடம் ஒரு கேள்வி. பதின்மூன்று கிலோ மகனைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்கி செய்வது அரிசிப் பைக்கு ஈடாகுமா?

பதில்: இயன்முறை மருத்துவர், மதுரை

ஈடாகும், ஒரு குறையோடு: அரிசிப் பை நடுவில் தலைமுடியைப் பிடித்து இழுக்காது. மார்போடு அணைத்துச் செய்யுங்கள், தோளில் வேண்டாம். பிள்ளைகளோடு ஓடியாடுவதை இதயத்துக்கான நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எடைப்பயிற்சிக்கு மட்டும் அளவும் முன்னேற்றமும் தெரிய வேண்டும் என்பதால் அந்த இரண்டு அமர்வுகளைத் தனியே வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஏரிக்கரை ஓட்டக்காரர், வேளச்சேரி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கோவை ஆசிரியையின் பதிலை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, செவ்வாய், வியாழன், சனி மூன்றும் தனக்கு வேண்டும் என்றார். கல்லூரியில் பூப்பந்து ஆடியவர். மகள் பிறந்த பிறகு மட்டையைத் தொடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது அருகிலுள்ள உள்ளரங்கில் வாரம் இரு நாள் ஆடுகிறார். அந்தக் காலைகளில் முதல் இரண்டு வாரம் மகள் வேனைத் தவறவிட்டதும், உப்பு இல்லாத எலுமிச்சைச் சாதம் பள்ளிக்குப் போனதும் என் கணக்கில் சேரும்.

என் பங்கில் திங்களும் வெள்ளியும் எடைப்பயிற்சி, 30 நிமிடம். அரிசிப் பையில் தொடங்கி இப்போது அதோடு ஐந்து கிலோ கோதுமை மாவும் சேர்ந்திருக்கிறது. புதன் ஓட்டம் அல்லது, மழை என்றால், அலுவலகக் கட்டடத்தில் படியேற்றமும் மின்தூக்கி இறக்கமும். நீச்சலை வார நாளிலிருந்து எடுத்துவிட்டு, ஞாயிறு என் முறையாக இல்லாத வாரத்தில் மகளோடு போகிறேன். மிதிவண்டி இருக்கையை அளந்து பார்த்ததில் இரண்டு விரல் அளவு உயரமாகவே இருந்தது. இறக்கியபின் அதில் வலி இல்லை. ஓட்டத்தில் வலி இன்னும் முழுவதும் போகவில்லை, ஆனால் ஐந்தாவது கிலோமீட்டரில் வந்தது இப்போது ஒன்பதாவதில்தான் தலைகாட்டுகிறது. நடுவில் சின்னவனிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் பத்து நாள் போயிற்று. திரும்பி வந்தபோது பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஆசையை விட்டுவிட்டு 10 கிலோமீட்டருக்கு இறங்கியிருக்கிறேன்.

சிலம்பத்தைப் பற்றி மகளிடம் சொன்னது வினையாகிவிட்டது. கம்பு வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்கிறாள். எனக்கும் அவளுக்கும் எவ்வளவு நீளத்தில் வாங்க வேண்டும்?

பதில்: பீளமேட்டு ஆசிரியை, கோவை

தரையில் ஊன்றினால் அவரவர் நெற்றியைத் தொடும் நீளம் போதும். மகளுக்கு இப்போதே விலை கொடுத்து வாங்காதீர்கள். அவள் ஆண்டுக்கு ஆண்டு வளர்வாள், வகுப்பில் சின்னக் கம்புகள் இரவலாகக் கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் சுழற்ற விடுவதானால் முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.